ஃப்ளைகானுக்கு 20 கொடுப்பதா, 3 கொடுப்பதா: கற்பனை பஃப்பை எடை போடும் முறை

"மாப்ள, ஃப்ளைகானுக்கு அட்டாக்கை மட்டும் 20 ஏத்தி விட்டா போதும்டா, கார்சாம்ப் காலி." போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டு என் நண்பன் அடித்துச் சொன்னது இது. ஃப்ளைகானும் கார்சாம்ப்பும் போக்கிமான் விளையாட்டில் சண்டை போடும் இரண்டு டிராகன்கள்; இப்படி ஒரு போக்கிமானின் எண்களையோ திறமையையோ ஏற்றிவிடுவதுதான் பஃப். எனக்கென்னவோ ஸ்பீடில் 3 கொடுத்தாலே போதும் என்று தோன்றியது. சொன்னேன், சிரித்தான். ஒரு ஜிகர்தண்டா பந்தயம். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்டில் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்த எந்தப் போக்கிமானுக்கும் இதே வழியில் போட்டுப் பார்க்கலாம்.

முதலில், பஃப்பை எழுதுவதற்கு முன்னால் குறையை எழுதுங்கள். ஒரே வரியில். "ரொம்ப வீக்கா இருக்கு" என்பது குறை இல்லை, புலம்பல். ஃப்ளைகானின் குறை என்னவென்றால், அதே கிரவுண்ட்-டிராகன் டைப்பில் கார்சாம்ப் என்று ஒரு ஆள் இருக்கிறது. அதன் பேஸ் ஸ்டாட் (அந்த இனத்துக்கே உள்ள அடிப்படை எண்கள்) மொத்தம் 600, இதற்கு 520. அட்டாக் அதற்கு 130, இதற்கு 100. ஸ்பீடு அதற்கு 102, இதற்கு 100. அப்படியிருக்க, டீமில் இருக்கும் ஆறு இடத்தில் ஒன்றை இதற்கு எதற்காகக் கொடுக்க வேண்டும்? நீங்கள் தரும் பஃப் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத பஃப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விழலுக்கு இறைத்த நீர்.

அடுத்தது, பேஸ் எண்ணை வைத்து வாதம் செய்யாதீர்கள், அதை நிஜ எண்ணாக மாற்றுங்கள். போட்டிகள் லெவல் 50இல் நடப்பதால் கணக்கு சுலபம். ஐவி (பிறக்கும்போதே வரும் எண்) 31 என்று வைத்துக்கொண்டால், ஈவி (பயிற்சியில் சேர்க்கும் புள்ளி) போடாத ஸ்டாட்டுக்குப் பேஸ் எண்ணோடு 20 கூட்ட வேண்டும், ஈவி முழுசாக 252 போட்டால் 52. உயிருக்கு மட்டும் 75, 107. நேச்சர் (ஒரு ஸ்டாட்டை ஏற்றி இன்னொன்றை இறக்கும் குணம்) சாதகமாக இருந்தால் கடைசியில் 1.1ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஸ்பீடு. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். ஸ்பீடை ஏற்றும் ஜாலி நேச்சர் போட்டு ஈவியை முழுசாகக் கொட்டினால் ஃப்ளைகானின் ஸ்பீடு 167. சாலமன்ஸ், வால்கரோனா, ஜாப்டோஸ் எல்லாம் இதே பேஸ் 100 கூட்டம், எல்லோரும் முழு வேகத்தில் வந்தால் யார் முதலில் அடிப்பது என்பது அதிர்ஷ்டம்தான். ஒரே ஒரு புள்ளி ஏற்றினால் 168, அந்தக் கூட்டத்தையே தாண்டிவிடும், ஆனால் பேஸ் 101இல் நிற்கும் சாதாரண லேண்டோரஸோடு சமன் ஆகும். இரண்டு ஏற்றினால் 169, கார்சாம்ப்போடு சமன். மூன்று ஏற்றினால் 170, கார்சாம்ப்பும் பின்னால். சரி, நாலு, ஐந்து ஏற்றினால்? பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அடுத்த பெரிய கூட்டம் இன்ஃபர்னேப், டெராக்கியான், கெல்டியோ என்று 108இல்தான் நிற்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பி 2 நிமிஷம் கழித்துப் போனாலும் 20 நிமிஷம் கழித்துப் போனாலும் போனது போனதுதான், அரை நிமிஷம் முன்னால் போனவனுக்கு ஜன்னல் சீட். ஸ்பீடும் அந்தக் கதைதான். அதனால் எத்தனை புள்ளி என்று எண்ணாமல் எத்தனை பேரைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள், அதிலும் நீங்கள் தினமும் எதிரில் பார்க்கிற ஆட்களை மட்டும்.

அட்டாக்குக்கு வேறு தராசு. எத்தனை அடியில் விழுகிறது என்பதுதான் அதில் கேள்வி. சேதம் ஒவ்வொரு தடவையும் 85 முதல் 100 சதவீதம் வரை 16 படிகளில் ஏதோ ஒன்றாக விழும், அந்தப் பதினாறில் எத்தனை படி ஆளைச் சாய்க்கிறது என்று பார்க்க வேண்டும். நண்பன் கேட்ட 20ஐக் கொடுத்தே பார்த்தேன். ஃப்ளைகானின் அட்டாக் 152இலிருந்து 172 ஆகிறது. எதிரில் உயிருக்கு முழு ஈவி போட்ட இன்சினரோர், உயிர் 202, டிஃபென்ஸ் 110. ஒற்றைச் சண்டையில் எர்த்குவேக் என்ற கிரவுண்ட் மூவை (தாக்குதலை) அடித்தால் பழைய ஃப்ளைகானின் அதிகபட்சம் 186, ஒரே அடியில் வாய்ப்பே இல்லை. புதியது 210 வரை போகிறது, 16இல் 3 படி சாய்க்கிறது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் நிஜத்தில் இன்சினரோர் இன்டிமிடேட் என்ற எபிலிட்டியோடுதான் (கூடவே இருக்கும் தனித்திறனோடுதான்) வரும், வந்தவுடன் நம் அட்டாக் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். அப்போது பழையது அதிகபட்சம் 126, புதியது 140, ஐட்டம் எதுவும் குறுக்கே வராவிட்டால் இரண்டுமே கட்டாயம் இரண்டு அடி. 20 புள்ளி எங்கே போனது? ஆவியாகிவிட்டது.

கார்சாம்ப் பக்கம் வாருங்கள். அட்டாக் 120ஆக இருந்தும் ஸ்பீடு 100இலேயே நின்றால், முதலில் அடிப்பது முழு வேகக் கார்சாம்ப்தான். ஃப்ளைகானின் உயிர் 155, அட்டாக்குக்கும் முழு ஈவி போட்ட கார்சாம்ப்பின் டிராகன் கிளா குறைந்தபட்சமே 168. ஏற்றிக் கொடுத்த அட்டாக்கைப் பயன்படுத்த உயிரோடு இருக்க வேண்டாமா? அதுவே ஸ்பீடு 103, அட்டாக் பழைய 100 என்றால், உயிருக்கு ஈவி போடாத கார்சாம்ப்பை அவுட்ரேஜ் 16இல் 13 படியில் ஒரே அடியில் சாய்த்துவிடுகிறது. இந்த எண்களைக் கையால் போட வேண்டாம், ஷோடவுன் என்ற சண்டைத் தளத்தின் டேமேஜ் கால்குலேட்டரில் பேஸ் எண்ணையே மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நான் முதல் இரண்டை மட்டும் கையால் போட்டேன், வீம்புக்கு.

எபிலிட்டியும் மூவும் வேறு ஜாதி, இவற்றை ஸ்டாட்டோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். 2016இல் பெலிப்பருக்கு ஸ்பெஷல் அட்டாக்கை 85இலிருந்து 95 ஆக்கினார்கள், கூடவே டிரிஸில் எபிலிட்டியும் கொடுத்தார்கள். அந்தப் பத்துப் புள்ளியை இன்றைக்கு யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா? உள்ளே வந்தவுடன் மழை, அதற்காகத்தான் அதை டீமில் எடுத்தார்கள். அதே வருஷம் வந்த இன்சினரோரைப் பாருங்கள், இன்டிமிடேட் கையில் கிடைத்தது பிறகுதான், ஸ்டாட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, அப்புறம் இரட்டைச் சண்டையில் அது இல்லாத டீமைத் தேட வேண்டியதாயிற்று. எதிர்த்திசையில் டாலன்ஃப்ளேம். பறக்கும் மூவ்களுக்கு எப்போதும் முன்னுரிமை கொடுத்த கேல் விங்ஸை, உயிர் முழுசாக இருந்தால் மட்டும் என்று 2016இல் ஒரு நிபந்தனை போட்டு அடக்கிவிட்டார்கள். இதை நீங்களும் பயன்படுத்தலாம். ஒரு எபிலிட்டி பஃப் அதிகப்படியாகத் தெரிந்தால் தூக்கி எறியாமல் ஒரு நிபந்தனை சேர்த்துப் பாருங்கள்.

எபிலிட்டி கொடுக்கும்போது எதை இழக்கிறது என்றும் எழுதுங்கள், இதை மறப்பவர்கள்தான் அதிகம். ஃப்ளைகானுக்கு டின்டட் லென்ஸ் (சரியாகப் பலிக்காத அடியை இரண்டு மடங்காக்கும் எபிலிட்டி) கொடுக்கலாமே என்று தம்பி ஒருத்தன் கேட்டான். நல்ல யோசனைதான். ஆனால் சண்டையில் ஒரு நேரத்தில் ஒரு எபிலிட்டிதான், லெவிடேட் போய்விடும், அதோடு எர்த்குவேக் படாது என்ற ஒரே பெருமையும் போய்விடும். கார்சாம்ப்பிடம் இல்லாத ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கிறீர்கள், அது லாபமா நஷ்டமா என்பது எதிர் டீம்களில் எர்த்குவேக் எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் கணக்கில் நஷ்டம்.

இவ்வளவும் முடிந்தால் நீங்கள் அடிக்கடி தோற்கிற ஐந்து டீம்களை எடுத்து வைத்து, பஃப் வந்தால் எந்தச் சண்டை மாறும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஜெயித்த சண்டைகளை எடுக்காதீர்கள், அதில் எந்த பஃப்பும் அழகாகத்தான் தெரியும்.

மறுநாள் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். முழுசும் படித்துவிட்டு, "சரி, நான் கார்சாம்ப்புக்கு சாய்ஸ் ஸ்கார்ஃப் போட்டுட்டு வர்றேன், இப்ப சொல்லு" என்றான். அந்த ஐட்டம் ஸ்பீடை ஒன்றரை மடங்காக்கும், 169ஐ ஒன்றரையால் பெருக்கினால் 253, என் 170 எங்கே எட்டும். ஐட்டத்துக்கு ஒரு தனிப் பத்தி இப்போதுதான் நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஜிகர்தண்டாவுக்கு ஆளுக்குப் பாதி காசு போட்டோம்.