அச்சிட்ட போர்டிங் பாஸ் இல்லாமல் ரயன்ஏரில் பயணம்: இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

2025 நவம்பர் 12 முதல் ரயன்ஏர் விமான நிறுவனம் வீட்டில் அச்சிட்டு எடுத்துவரும் போர்டிங் பாஸைக் கைவிட்டு, தன் செயலியில் தோன்றும் மின்னணு பாஸுக்கு மாறிவிட்டது. ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் பலர், செக்-இன் முடிந்ததும் கைபேசியோடு நேரே பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அது சரி. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது.

முதலில் செயலியை நிறுவிக் கணக்குத் தொடங்குங்கள். பணம் கொடுத்து இருக்கையைத் தேர்ந்தவர்கள் 60 நாட்களுக்கு முன்பிருந்தும், மற்றவர்கள் 24 மணி நேரத்துக்கு முன்பிருந்தும் செக்-இன் செய்யலாம். இருசாராருக்கும் புறப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு அது மூடப்படும். தவறவிட்டால் விமான நிலையத்தில் ஆளுக்கு 55 யூரோ அல்லது 55 பவுண்டு வரை கட்ட நேரிடும். திரும்பும் பயணத்துக்கான 24 மணி நேரம் பெரும்பாலும் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதுதான் தொடங்கும் என்பதால், அங்கே இணைய வசதிக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்வது அவசியம். முகவர் வழியாகப் பயணச்சீட்டு வாங்கியிருந்தால், எந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்தார் என்பதை அவரிடம் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அது தெரியாமல் பதிவைச் செயலியில் சேர்ப்பது கடினம்.

செக்-இன் முடிந்தபின் இணையம் இருக்கும்போதே பாஸை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால், பிறகு இணையம் இல்லாமலும் அது தோன்றும். ஒரே பதிவில் உள்ள குடும்பத்தினர் அனைவரின் பாஸ்களையும் ஒரு கைபேசியிலேயே வைத்துக்கொள்ளலாம். கைபேசி தொலைந்தாலும் மின்கலம் தீர்ந்துபோனாலும் பதற வேண்டியதில்லை. இணையத்தில் செக்-இன் செய்திருந்தால், விமான நிலையத்தில் கட்டணமின்றித் தாள் பாஸ் தருவார்கள்.

இனி முக்கியமான அந்த வேலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் வெளியே உள்ள நாட்டினர், பாதுகாப்புச் சோதனைக்கு முன் ரயன்ஏர் மேசைக்குச் சென்று விசாவையும் பயண ஆவணங்களையும் காட்ட வேண்டும். பெட்டி எதுவும் ஒப்படைக்காதவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். விமானம் ஏறும் வாயில்வரை போனபின் திரும்பி வர நேரம் இருக்காது. புறப்பாட்டுக்கு 40 நிமிடம் முன்பு மேசையும், 20 நிமிடம் முன்பு வாயிலும் மூடப்படுகின்றன. மேசையில் வரிசை நீளமாக இருக்கக்கூடும் என்பதால் 2 மணி நேரம் முன்னதாகவே சேர்ந்துவிடுவது நல்லது.

மேசையில் என்ன கேட்பார்கள் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பிரான்சிலோ ஜெர்மனியிலோ வதிவிட அட்டை வைத்திருப்பவர், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குள் தனி விசா இல்லாமல் போய்வரலாம். ஆனால் அயர்லாந்து ஷெங்கனில் இல்லை என்பதால், டப்ளினுக்குப் பறக்க அந்த அட்டை மட்டும் போதாது. பிரிட்டனில் வசிக்கும் வெளிநாட்டவர்களுக்கு, அட்டைக்குப் பதில் இணையக் கணக்கில் பதிவாகும் மின் விசா இப்போது வந்துவிட்டது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் புதிய எண்ணைத் தங்கள் பிரிட்டன் குடிவரவு இணையக் கணக்கில் சேர்த்தபின்னரே பயணப்பட வேண்டும், இல்லையென்றால் லண்டன் திரும்பும் விமானத்தில் ஏறுவதே சிக்கலாகிவிடும்.

வாயிலில் கைபேசியின் திரை வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, கடவுச்சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுபடியாகும் விசா பழைய கடவுச்சீட்டில் இருந்தால், அதையும் சேர்த்தே கொண்டுசெல்லுங்கள்.