மாலை 4.20-க்கு ஓடும் கொரியத் தொடர்: வாராவாரம் குறிப்பு எழுதுவது எப்படி

முடிந்துபோன தொடரைப் பற்றி யார் வேண்டுமானாலும் நிதானமாக எழுதலாம். இந்த வாரம் ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு எழுதுவதில் ஒரே ஒரு ருசி இருக்கிறது: எழுதுகிறவருக்கும் முடிவு தெரியாது. அந்த ருசி கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் பாதி வேலை. மீதி, காதில் விழுந்ததை விழுந்தபடி குறிப்பது. மொரிஷியஸில் இருந்து பார்க்கிறவர்கள் இந்த இரண்டையும் எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் கடிகாரம். சியோல் நமக்கு 5 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே கோடைக்கு மணியை மாற்றும் வழக்கம் இல்லை. இங்கே கடைசியாக 2008-09 கோடையில் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அதனால் வருஷம் முழுக்க 5-ஐக் கழித்தால் போதும். டிவிஎன் சனி, ஞாயிறு தொடர் அங்கே இரவு 9.10 அல்லது 9.20, நமக்கு மாலை 4.10, 4.20. அதே சேனலின் திங்கள், செவ்வாய் தொடர் 8.50, இங்கே 3.50, ஆபீஸில் இருப்பீர்கள். எஸ்பிஎஸ் வெள்ளி, சனித் தொடர் 9.50 என்றால் இங்கே 4.50. ஜேடிபிசி சனி 10.40, ஞாயிறு 10.30, நமக்கு 5.40, 5.30. புதுத் தொடர் தொடங்கும்போது பத்து நிமிடம் முன்பின் தள்ளுவார்கள், அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கைபேசி நாள்காட்டியில் நிகழ்வைச் சியோல் நேரத்திலேயே போட்டுவைத்தால் மனக்கணக்கே வேண்டாம். பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். அவர்களுக்கும் நமக்கும் இடைவெளி கோடையில் 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் நிச்சயம் குழப்பம் வரும்.

இன்னொரு குழப்பம் நம் ஊருக்கே உரியது. ‘எம்பிசியில் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது’ என்று எழுதினால் இங்கே படிக்கிற பாட்டி, மொரிஷியஸ் அரசுத் தொலைக்காட்சியான நம் எம்பிசியைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ‘கொரிய எம்பிசி’ என்று எழுதுங்கள்.

நேரம் சரியாக இருந்தும் தொடர் வராத நாள் உண்டு. சூசோக் (அறுவடைப் பண்டிகை), சியொல்லால் (புத்தாண்டு), தேர்தல் இரவு, பேஸ்பால் இறுதிச் சுற்றுகள், திடீர்ச் செய்தி ஒளிபரப்பு என்று ஏதாவது ஒன்றுக்காக அந்த வார எபிசோடைத் தள்ளிவிடுவார்கள். இதற்கு அங்கே ‘கியொல்பாங்’ என்று பெயர். சேனலின் பக்கத்தில் அந்தச் சொல் தென்பட்டால் அடுப்பில் காத்தோ பிமான் (மிளகாய் வடை) போட வேண்டியதில்லை.

நெட்ஃபிளிக்ஸில் வரும் தொடர் அங்கே ஒளிபரப்பாகும் அதே நொடியில் இங்கே ஏறாது. பெரும்பாலும் எபிசோட் முடிந்த பிறகுதான் வரும், 4.20 தொடருக்கு ஆறு மணியை ஒட்டி எதிர்பாருங்கள். அந்த இடைவெளிதான் ஆபத்து. சேனல்காரர்களே அன்றைய முக்கியக் காட்சியை வெட்டி யூடியூபில் போடுவார்கள், முத்தக் காட்சியே முகப்புப் படமாக இருக்கும். போர்ட் லூயிஸில் மெட்ரோ ஏறி க்யூர்பீப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் தெரிந்துவிடும். செய்ய வேண்டியது: சமூக ஊடகத்தில் தொடரின் ஆங்கிலப் பெயர், கொரிய எழுத்தில் உள்ள பெயர், நாயகன் நாயகி பாத்திரப் பெயர்கள் மூன்றையும் ஊமை (மியூட்) பட்டியலில் சேர்ப்பது. கொரியர்கள் நீளமான தலைப்பை மூன்று நான்கு அசையாகச் சுருக்கிவிடுவார்கள், அந்தச் சுருக்கத்தையும் சேர்க்காவிட்டால் மற்றது வீண். யூடியூபில் ‘ஆர்வமில்லை’ அழுத்துவது அரைகுறை மருந்து. வார இறுதி மாலைகளில் அந்தச் செயலியையே திறக்காமல் இருப்பது முழு மருந்து.

ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு ஏற்பாடும் வேண்டும். புயல் எச்சரிக்கை 2-ம் வகுப்பைத் தொட்டதுமே, கணக்கில் ஏறியிருக்கும் எபிசோடுகளைக் கைபேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ரூட்டரும் போகும். 3-ம் வகுப்பில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது இறக்கிவைத்ததுதான் துணை.

பார்க்கும் முறை

ஒரு நோட்டு, ஒரு பேனா. முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். ஏதாவது இடித்தால் நிமிடத்தை மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு சொல். ‘பேருந்து’, ‘அம்மா பொய்’, ‘ஏன் சிரிப்பு?’ அவ்வளவுதான். நிறுத்தி நிறுத்தி எழுதினால் காட்சியின் வேகம் உங்கள் கையால் கெடும்; பிறகு ‘இழுவை’ என்று இயக்குநரைத் திட்டுவீர்கள். செயலி மீதி நேரத்தைக் காட்டுகிறதா, கடந்த நேரத்தையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 68 நிமிட எபிசோடில் ‘22 மீதி’ என்றால் அது 46-ம் நிமிடம். இந்தக் கழித்தலை மறந்தவர்களின் குறிப்புகளில் முத்தம் வந்த பிறகு அறிமுகம் நடக்கும்.

அடுத்த எபிசோடுக்குத் தானாகத் தாவும் வசதியை அணைத்துவிடுங்கள். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நிமிட எபிலோக் வைக்கிற தொடர்கள் நிறைய. முன்பு பார்த்த காட்சியை மறுபக்கத்திலிருந்து காட்டும் அந்தத் துண்டில்தான் பல தொடர்கள் உண்மையை வைக்கின்றன. அதற்குப் பிறகு வரும் முன்னோட்டம், அதாவது ‘யேகோ’, வேறு சமாச்சாரம். அதைக் குறிப்பு எழுதி முடிக்கும்வரை பார்க்கக் கூடாது. அது ரசிகரைக் கலங்கடிக்கவே வெட்டப்படுவது. நாயகி அழுவதையும் நாயகன் நடந்து போவதையும் ஒட்டியிருப்பார்கள். எபிசோடில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு நாள். முன்னோட்டத்தை நம்பி எழுதிய கோபத்தை அடுத்த வாரம் விழுங்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் முறை முழு எபிசோடும் வேண்டாம். குறித்த மூன்று நான்கு இடங்களுக்கு மட்டும் போய், பத்து நொடி பின்னே தள்ளும் பொத்தானை வைத்துக்கொண்டு, துணைவசனத்தைப் படிக்காமல் காதால் கேளுங்கள். தமிழ் தெரிந்தவருக்குக் கூலி கிடைக்கும் இடம் இது.

காது எதைப் பிடிக்க வேண்டும்

கொரிய மொழியில் மரியாதை வினைமுடிவில் உட்கார்ந்திருக்கிறது, நம் மொழியில் இருப்பதுபோலவே. வாக்கியம் ‘யோ’ என்று முடிந்தால் பணிவு. ‘யோ’ உதிர்ந்தால் நெருக்கம், அல்லது கோபம், அல்லது இளக்காரம். ஆங்கிலத் துணைவசனத்தில் இது மொத்தமாகக் காணாமல் போகும். பிரெஞ்சுத் துணைவசனத்தை வைத்துப் பாருங்கள்: ‘வூ’ ‘த்யூ’ ஆகும் இடம் ஓரளவு வழி காட்டும், நம் கிரியோலில் ‘ஊ’ போய் ‘தோ’ வருவதுபோல. ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை ‘த்யூ’வுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார். கொரியத்தில் அது ஒரே காட்சிக்குள் போய்ப் போய் வரும்.

விளிப்பும் அப்படித்தான். ஆபீஸ் காதல் கதை என்று வையுங்கள். நாயகி முதலில் ‘டீம்ஜாங்-னிம்’ என்கிறாள், அதாவது குழுத் தலைவரே. சில வாரம் கழித்து ‘மின்சு-ஷி’. பிறகு ஒருநாள் ‘மின்சு-யா’. ஆங்கிலத்தில் கடைசி இரண்டும் வெறும் ‘மின்சு’தான். பெயர் உயிரெழுத்தில் முடிந்தால் ‘யா’, மெய்யில் முடிந்தால் ‘ஆ’ என்பதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரிலும் இதைப் பிடித்துவிடலாம்.

இதை வைத்து ஒரு குறிப்பு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கற்பனைக் காட்சி: பேருந்து நிறுத்தம், மழை. முதல் வரைவு இப்படி வரும்: ‘அய்யோ, பேருந்து நிறுத்தக் காட்சி! உயிரே போயிடுச்சு! என்ன கெமிஸ்ட்ரி!’ படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திருத்திய வரைவு: ‘46-ம் நிமிடம். அதுவரை ஒவ்வொரு வாக்கியத்தையும் யோ போட்டே முடித்தவள், அவன் ஏறப் போகும்போது ‘காஜி மா’ என்கிறாள். யோ இல்லை. போகாதீங்க என்பது போகாதே ஆகிவிட்டது. அவன் திரும்பியது அதற்குத்தான். அவள் சொன்னது அவளுக்கே அப்புறம்தான் உறைக்கிறது, உடனே யோவை ஒட்டவைக்கப் பார்க்கிறாள். செத்தேன்.’ அந்த ‘செத்தேன்’ இப்போது சம்பாதித்த சொல்.

தவறு நடக்கும் இடம்: ‘யோ’ இல்லாததையெல்லாம் காதல் என்று எடுத்துக்கொள்வது. பெரியவர் சின்னவரிடம் இயல்பாகவே அப்படிப் பேசுவார். குடித்திருந்தால் பேசுவார்கள். மாமியார் வேண்டுமென்றே பேசுவார். அதனால் யார் மூத்தவர் என்பதை முதல் வாரமே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்கள் எந்த வருஷம் பிறந்தாய் என்று கேட்டுக்கொள்வது வெட்டிப் பேச்சில்லை, யார் யாரை எப்படி அழைப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

உறவுச் சொற்களில் ஒரு எச்சரிக்கை. ‘ஹ்யொங்’ என்று ஒரு பையன் மூத்தவனை அழைத்தால் ‘அண்ணே’ என்று தமிழில் எழுதலாம், கச்சிதமாகப் பொருந்தும். ‘ஓப்பா’வை ‘அண்ணா’ என்று எழுதினால் காதல் காட்சி அந்த இடத்திலேயே ரக்ஷாபந்தன் ஆகிவிடும். ‘அத்தான்’ பக்கத்தில் வந்தாலும் முறைப்பெண் வாசனை அடிக்கும். ‘ஓப்பா’ என்றே விட்டுவிடுங்கள். ‘அப்பா’ மட்டும் அங்கேயும் அப்பாதான். அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

கொரிய எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். அடிப்படை எழுத்துகள் 24, இரண்டு மூன்று மாலை போதும். திரையில் வரும் கைபேசிச் செய்தி, கடைப் பலகை, கல்லறைக் கல் எல்லாவற்றுக்கும் துணைவசனம் போட மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘இயு’ என்று இரண்டெழுத்தில் எழுதிக் குழப்பும் உயிர் ஒலி, ஏறக்குறைய நம் குற்றியலுகரம்தான். ‘காது’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, அது.

எண்களும் விளம்பரமும்

பார்வையாளர் விகிதம் அங்கே மறுநாள் காலை வெளியாகும். நாம் எழுந்திருக்கும்போது அது வந்திருக்கும். குறிப்பைப் படுக்கப் போகுமுன்னே முடித்துவிட்டால் எண் உங்கள் ரசனையில் கைவைக்காது. நீல்சன் கொரியா கணக்கில் ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ 2022 ஜூன் 29 அன்று 0.948 சதவீதத்தில் தொடங்கி ஆகஸ்ட் 18 அன்று 17.534-ல் முடிந்தது. முதல் வார எண்ணை வைத்து ‘படுத்துவிட்டது’ என்று எழுதியவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். டிவிஎன் போன்ற கேபிள் சேனலின் எண்ணையும் எஸ்பிஎஸ் போன்ற தரைவழிச் சேனலின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். கணக்கெடுக்கும் வீடுகளே வேறு.

திடீரென்று இருவரும் கண்ணீரை நிறுத்திவிட்டு ஒரே பிராண்டு காபியை லேபிள் தெரியத் திருப்பிப் பிடித்தால் அது திரைக்கதைக் குறை இல்லை. 2010 முதல் அங்கே அனுமதிக்கப்பட்ட மறைமுக விளம்பரம். எபிசோட் தொடக்கத்திலேயே அறிவிப்பு வரும். கேலி செய்யுங்கள், ஆனால் எழுத்தாளரைத் திட்டாதீர்கள்.

பழைய பட்டியலில் 16 எபிசோட் தொடர் 32 என்று இருந்தால் பதற வேண்டாம். 2021 ஜூலைக்கு முன் தரைவழிச் சேனல்கள் நடுவில் விளம்பரம் போட முடியாததால் ஒரு எபிசோடை இரண்டாக வெட்டி எண் கொடுத்தார்கள். மேற்கோள் காட்டும்போது எந்த எண்ணிக்கை என்று சொல்லிவிடுங்கள்.

படத்துக்குத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுக்கப் பார்த்தால் கறுப்பாகத்தான் வரும், காப்புப் பூட்டு அது. சேனல் வெளியிடும் ஸ்டில் போதும்.

ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ஒரே ஒரு கணிப்பு எழுதுங்கள்: ‘அப்பா சாகவில்லை’, ‘வக்கீல்தான் கடிதம் எழுதியது’. 16 எபிசோட் தொடரில் 8 வாரம், 12 என்றால் 6. கடைசி எபிசோட் வழக்கத்தைவிட நீளும், ஞாயிறு மாலையில் அரை மணி கூடுதலாக ஒதுக்குங்கள். இறுதிக் குறிப்பில் பழைய கணிப்புகளை ஒரு எழுத்தும் திருத்தாமல் வரிசையாக ஒட்டி, தப்பிப்போன ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தக் காட்சி ஏமாற்றியது என்று எபிசோட் எண், நிமிடத்தோடு போடுங்கள்.