அயர்லாந்தின் எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயல்நாட்டு அரசியலைப் புதிதாக எழுத வருவோரின் கட்டுரைகளைத் திருத்தும்போது, பிரிட்டனின் நடைமுறையை அயர்லாந்துக்கும் அப்படியே பொருத்திவிடும் பழக்கத்தை அடிக்கடி காண்கிறேன். பெயர்ப் பிழைகளை எவரும் திருத்திக்கொள்வார்கள். இங்கே சொல்பவை கட்டுரையின் பொருளையே மாற்றிவிடுபவை.

அரசியலமைப்புப் பதவி என்று எழுதுவது

1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் இப்படியொரு பதவி இல்லை. டோயில் எனப்படும் கீழவையில், அரசில் சேராத கட்சிகளுள் பெரியதன் தலைவரை மரபாக அவ்வாறு அழைக்கிறார்கள்.

அரசை எதிர்த்தே வாக்களிப்பார் என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 2016 பிப்ரவரித் தேர்தலில் 158 இடங்களில் ஃபினா கேல் கட்சி 50, ஃபியானா ஃபால் கட்சி 44 பெற்றன. மே 6 அன்று ஃபினா கேல் தலைவர் எண்டா கென்னி 59க்கு 49 என்ற வாக்குகளில் பிரதமரானார். 158 பேர் கொண்ட அவையில் 59 வாக்குகளே போதுமாக இருந்ததற்குக் காரணம், மீஹால் மார்ட்டின் தலைமையிலான ஃபியானா ஃபால் நடுநிலை வகித்ததுதான். மூன்று வரவு செலவுத் திட்டங்கள் வரை இவ்வாறு அரசை நிலைக்கவிட ஒப்புக்கொண்ட மார்ட்டின், பிரெக்ஸிட் நெருக்கடியால் 2018 டிசம்பரில் அதை மேலும் ஓராண்டு நீட்டித்தார்.

இதைப் படித்த புதியவர் ஒருவர் 'இரு கட்சிக் கூட்டணி அரசு' என்று தலைப்பிட்டு அனுப்பினார். வேறொருவர் மார்ட்டினை எதிர்க்கட்சித் தலைவராகவே ஏற்கவில்லை. இரண்டும் தவறு. அவருடைய கட்சி ஓர் அமைச்சர் பதவியும் பெறவில்லை. 2017 நவம்பரில் துணைப் பிரதமர் ஃபிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எதிராக அக்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர, தேர்தல் வாசல்வரை வந்து, அவர் பதவி விலகிய பிறகே நெருக்கடி தணிந்தது. 2016இலேயே 'கூட்டணி' என்று எழுதிவிட்டால், 1922-23இல் நடந்த உள்நாட்டுப் போரின் எதிரெதிர் அணிகளிலிருந்து வளர்ந்த இவ்விரு கட்சிகளும் 2020 ஜூனில்தான் முதன்முறையாக, பசுமைக் கட்சியுடன் சேர்ந்து, ஒரே அரசில் அமர்ந்தன என்பதன் கனம் வாசகருக்கு எட்டவே எட்டாது.

மற்ற எதிர்க்கட்சிகள் அவருக்குக் கட்டுப்படும் என்று எண்ணுவது

கட்டுப்படாது. தொழிற்கட்சிக்கும் சமூக ஜனநாயகக் கட்சிக்கும் தனித் தலைவர்கள் உண்டு.

தேர்தலில் வென்றால்தான் பிரதமராவார் என்பது

1994இல் தொழிற்கட்சி பிரதமர் ஆல்பர்ட் ரேனால்ட்ஸின் கூட்டணி அரசிலிருந்து விலகியதும், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜான் புரூட்டன், பொதுத்தேர்தல் நடக்காமலேயே அவ்வாண்டு டிசம்பரில் அதே தொழிற்கட்சியின் ஆதரவோடு பிரதமரானார்.