மெடிக்கல் காலேஜும் அரசு ஆஸ்பத்திரியும் சேர்ந்து வேலை செய்யணும்னா என்ன பண்ணணும்: பாலக்காட்டு எல்லையில இருந்து

மெடிக்கல் காலேஜும் அந்த ஜில்லா ஆஸ்பத்திரிகளும் கைகோக்கணும்னு பேச்சு எடுத்தாலே, எம்ஓயூ, அதாவது ஒப்பந்த பத்திரம், எப்ப போடறதுன்னுதான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. அதை கடைசிக்கு தள்ளுங்க. நோயாளி ஊர்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு எப்படியோ ஒரு வழி இருக்கு, ஆம்புலன்ஸ் ஏத்தி விட்டா போயிருவாங்க. ஆனா வைத்தியம் முடிஞ்சு ஊருக்கு வந்த பிறகு யார் பாக்கறது, எந்த சீட்டை வெச்சு பாக்கறது, மாத்திரை எங்க வாங்கறதுங்கறதுக்குத்தான் வழியே இல்ல. இதை முதல்ல சரி பண்ணீங்கன்னா மத்தது பின்னாடி வரும். கேரளா-தமிழ்நாடு எல்லையில கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருக்கற தமிழ் பேசறவங்களுக்கு நான் சொல்றது நல்லாவே புரியுங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எது யார் கையில இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. கேரளாவுல பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) கிராம பஞ்சாயத்து கையில, அதை விட பெரிய சிஎச்சி (சமுதாய சுகாதார நிலையம்) ப்ளாக் பஞ்சாயத்து கையில, ஜில்லா ஆஸ்பத்திரி ஜில்லா பஞ்சாயத்து கையில, ஆனா டாக்டருக்கு போஸ்டிங் போடறது ஹெல்த் டிபார்ட்மெண்ட், இங்க அதோட ஆள் டிஎம்ஓ, அதாவது ஜில்லா மெடிக்கல் ஆபீசர். அரசு மெடிக்கல் காலேஜுங்க பொதுவா மருத்துவக் கல்வி இயக்குநர் (டிஎம்இ) கீழ வரும், ஆனா 2014ல ஆரம்பிச்ச பாலக்காடு அரசு மெடிக்கல் காலேஜ் எஸ்சி மேம்பாட்டு டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்சது, டிகிரி குடுக்கறது திருச்சூர்ல இருக்கற ஹெல்த் யுனிவர்சிட்டி. ஆக பிரின்சிபாலும் டிஎம்ஓவும் மட்டும் உக்காந்து பேசி முடிச்சுட்டா போதாது. ஒரு ரூமை இடிச்சு லேப் ஆக்கணும், பஞ்சாயத்து ப்ளான் ஃபண்ட்ல இன்சுலின் வாங்கணும்னு வந்தா பஞ்சாயத்து தலைவர் வேணும், ஆஸ்பத்திரி மேனேஜ்மெண்ட் கமிட்டி வேணும், அவங்களை மூணாவது மீட்டிங்ல கூப்பிட்டா அவங்க மனசு எப்படி வரும்? முதல் நாளே கூப்பிடுங்க.

ஜில்லா ஆஸ்பத்திரியிலயே காலேஜ் க்ளாஸ் நடக்குதுன்னா வார்டுல ரெண்டு கூட்டம் டாக்டர் இருப்பாங்க. ஒரு பெட்டுக்கு யார் பொறுப்பு, நைட் டூட்டி யார், கேஸ் ஷீட்ல கடைசி கையெழுத்து யாரோடது, இன்சூரன்ஸ் க்ளெய்ம் பணம் எந்த அக்கவுண்ட்டுக்கு போகும், இதெல்லாம் எழுத்துல வேணும். வாய்ப்பேச்சா விட்டா நைட்டு ரெண்டு மணிக்கு நர்ஸ் யாருக்கு போன் பண்றதுன்னு தெரியாம நிப்பாங்க, கஷ்டப்படறது பெட்ல இருக்கறவங்க.

அடுத்தது பிஜி டாக்டருங்க, அதாவது எம்பிபிஎஸ் முடிச்சு மேல்படிப்பு படிக்கறவங்க. நேஷனல் மெடிக்கல் கமிஷன் கொண்டு வந்த விதிப்படி ஒவ்வொரு பிஜியும் மூணு மாசம் ஜில்லா ஆஸ்பத்திரியில வேலை பாக்கணும், டிஆர்பி (டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி ப்ரோகிராம்)னு சொல்லுவாங்க. 2023 விதியில 50 பெட்டுக்கு குறையாத அரசு ஆஸ்பத்திரின்னு வெச்சாங்க, அதனால சின்ன ஆஸ்பத்திரிக்கும் வழி திறந்திருக்கு. இதை சும்மா ஆள் அனுப்பற கணக்கா பாக்காதீங்க. உங்களுக்கு எந்த டிபார்ட்மெண்ட் ஆள் தேவைன்னு ஆஸ்பத்திரியை முதல்ல கேளுங்க. மயக்க மருந்து டாக்டர் இல்லாம பிரசவ கேஸை மேல அனுப்பற இடத்துக்கு தோல் டாக்டரை அனுப்பி என்ன ஆகப்போகுது. இன்னொண்ணு, ஒரு பிஜி சுகர் ஓபி ஆரம்பிச்சு மூணு மாசத்துல கிளம்பிட்டா நாலாவது மாசம் வர்ற பாட்டிக்கு ஓபி பூட்டி இருக்கும், அதனால அதே டிபார்ட்மெண்ட்ல இருந்து வரிசையா ஆள் வர்ற மாதிரி ஒரு வருஷத்துக்கு லிஸ்ட் போட்டுக்கோங்க. தங்க ரூம், பூட்டு இருக்கற பாத்ரூம், நைட்டுல சாப்பாடு, இதை முன்னாடியே பாத்து வைங்க.

இப்ப டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு திரும்பும்போது நோயாளி கொண்டு வர்ற சீட்டு. ஒரே பக்கம் போதும். நோய் என்ன, என்ன பண்ணோம், மாத்திரையோட ஜெனரிக் பேரு, அடுத்து எப்ப வரணும், என்ன ஆனா உடனே ஓடி வரணும், கூப்பிட ஒரு நம்பர். நம்பர் ஒரு ஆளோடதா இருக்கக்கூடாது, டூட்டி போனா இருக்கணும், ஆள் மாறினாலும் நம்பர் மாறக்கூடாது. காப்பி ஒண்ணு நோயாளிக்கு, ஒண்ணு அவங்க ஊர் ஹெல்த் சென்டருக்கு, அங்க இருந்து ஆஷாவோ (ஊர் சுகாதாரப் பணியாளர்) நர்ஸோ ஒரு வாரத்துக்குள்ள வீட்டுக்கு போய் பாக்கணும்.

எல்லையில இன்னொரு சிக்கல் இருக்கு. நம்ம ஆளுங்க மொழியையும் பஸ்ஸையும் பாத்துத்தான் ஆஸ்பத்திரி போவாங்க. தமிழ்ல பேசி வைத்தியம் பாக்கலாம்னு கோயமுத்தூர் ஜிஎச்சுக்கோ பொள்ளாச்சிக்கோ போறவங்களை தப்பு சொல்ல முடியாது. அதனால பாலக்காட்டு ஒப்பந்தத்துல கோயமுத்தூருக்கும் ஒரு இடம் வெச்சே ஆகணும். அங்க மருந்து வாங்கறது தமிழ்நாடு மெடிக்கல் சர்வீசஸ் கார்ப்பரேஷன், இங்க கேரளா மெடிக்கல் சர்வீசஸ் கார்ப்பரேஷன், அங்க எழுதிக் குடுத்த மாத்திரை இங்க ஸ்டாக்ல இல்லாம போகலாம். ரெண்டு லிஸ்டையும் பக்கத்துல வெச்சு சுகர், பிரஷர், ஃபிட்ஸ், மனநலம் இந்த நாலுக்காவது எதுக்கு எது மாத்துன்னு ஒரு அட்டவணை போட்டு ரெண்டு பக்கமும் ஒட்டுங்க. டிபிக்கு இது இன்னும் முக்கியம், சாதாரண டிபிக்கே ஆறு மாசம் மாத்திரை நிக்காம போகணும். கோயமுத்தூர்ல கண்டுபிடிச்ச ஆளை, டிபி நோயாளிகளை பதிவு பண்ற அரசு ஆன்லைன் தளமான நிக்ஷய்ல இங்க டிரான்ஸ்ஃபர் பண்ண முடியும், ஆனா டிரான்ஸ்ஃபர் பண்ண கையோட இந்த பக்க டிபி ஸ்டாஃபுக்கு போன் பண்ணி சொல்லிருங்க, ஸ்கிரீனை மட்டும் நம்பாதீங்க.

காலேஜ் வந்தா ரிசர்ச்சும் வரும். ஒப்புதல் படிவம் அவங்களுக்கு புரியற மொழியில இருக்கணும்னு ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டியே சொல்லுது, வடகரப்பதியில ஒரு தமிழ் அம்மாகிட்ட மலையாள படிவத்துல கைநாட்டு வாங்கிட்டு அது சம்மதம்னு சொல்ல எனக்கு மனசு வராதுங்க. ஆய்வு முடிஞ்சா முடிவை கிராம சபையில வந்து சொல்றதையும் கண்டிஷனா போடுங்க.

1977ல மத்திய அரசு மெடிக்கல் படிப்பை கிராமத்து பக்கம் திருப்ப ரோம்னு (ROME) ஒரு திட்டம் போட்டுச்சு, ஒவ்வொரு மெடிக்கல் காலேஜும் மூணு ப்ளாக்கை ஏத்துக்கணும்னாங்க, நடமாடும் வண்டியும் குடுத்தாங்க, நினைச்ச அளவுக்கு அது நிக்கல. அதே 1977ல வேலூர் சிஎம்சி கே.வி.குப்பத்துல ருஹ்சாங்கற (RUHSA) கிராம சுகாதார அமைப்பை ஆரம்பிச்சு இன்னும் நடத்துது. அங்க ஆளுங்க அந்த ப்ளாக்லயே உக்காந்து வேலை பாத்தாங்க, என்னோட கணிப்புல அதுதான் வித்தியாசம்.

எம்ஓயூ இப்ப எழுதலாம். ஆள் பேர் வேண்டாம், போஸ்ட் பேர் போடுங்க, டிரான்ஸ்ஃபர் வந்தாலும் பொறுப்பு அங்கயே நிக்கும். மூணு வருஷம் போதும், மாசம் ஒரு மீட்டிங், அதை காலேஜ்ல வைக்காம ஒவ்வொரு மாசமும் ஒரு ஹெல்த் சென்டர்ல வைங்க, முதல் அஜெண்டா போன மாசம் டிஸ்சார்ஜ் ஆனவங்கள்ல எத்தனை பேரை வீட்டுல போய் பாத்தாங்கங்கறதா இருக்கட்டும், அந்த கணக்கை அந்த ஊர் நர்ஸே படிக்கட்டும்.