ஊர்மக்களுக்கு இணையப் பாதுகாப்பு முகாம்: கல்லூரி மாணவர்கள் முதன்முறை நடத்துவதற்கான செய்முறை

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2018ஆம் ஆண்டில் 'சிட்டிசன் கிளினிக்' என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் இலவச சட்ட உதவி வழங்குவதைப் போலவே, இணையப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்கள் பொருள் வசதி குறைந்த தன்னார்வ அமைப்புகளுக்குப் பாதுகாப்பு உதவி செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதற்கெனப் புதிய அமைப்பு எதையும் உருவாக்கத் தேவையில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டாலே கீழே விளக்கியுள்ள முகாமை நடத்திவிடலாம்.

இத்தகைய முகாம்கள் பெரும்பாலும் அரங்கம், புரொஜெக்டர், சிறப்புரை, பொன்னாடை என்ற வரிசையில் முடிந்துபோகின்றன. இங்கே விளக்கப்படும் முகாம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. வந்தவர் ஒவ்வொருவரும் தம் கைபேசியில், தம் கையாலேயே, குறைந்தது இரண்டு பாதுகாப்பு அமைப்புகளையாவது (செட்டிங்ஸ்) மாற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே இதன் ஒரே இலக்கு.

படி 1: யாருக்கு, எங்கே என்பதை முடிவு செய்தல்

முதல் முகாமுக்கு இருபது பேர் போதும். புதிதாகக் கூட்டம் சேர்ப்பதைக் காட்டிலும், ஏற்கெனவே கூடிக்கொண்டிருக்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கூடும் நாளில், அவர்கள் கூடும் இடத்துக்கே செல்வது நல்லது. கல்லூரி முதல்வரின் கடிதத்துடன் ஊராட்சித் தலைவரையும் குழுத் தலைவியையும் முன்கூட்டியே சந்தித்துவிடுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் தெரிவித்து ஓர் அலுவலரை அழைக்கலாம். ஆனால் அவரைத் தொடக்கத்திலேயே மேடையேற்ற வேண்டாம். பணத்தை இழந்ததை வீட்டில்கூடச் சொல்லாதவர்கள் சீருடையைக் கண்டதும் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால், கடைசி அரை மணி நேரத்துக்கு அவர் வந்தால் போதும்.

படி 2: முன்கூட்டியே கேட்டறிதல்

முகாமுக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பேர் சென்று, எந்த வகைக் கைபேசி வைத்திருக்கிறார்கள், பணம் அனுப்ப எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள், அதை அமைத்துக் கொடுத்தவர் யார், சந்தேகத்துக்குரிய அழைப்புகள் எவ்வாறு வந்தன ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. பேரனோ கைபேசிக் கடைக்காரரோ அமைத்துக் கொடுத்திருந்தால், பின் எண்ணும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

இந்த விடைகளை ஆய்வுக்கும் பயன்படுத்த விரும்பினால், கேள்வித்தாளைக் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் காட்டி அனுமதி பெறுங்கள். பெயர், கைபேசி எண், ஆதார் எண் எதையும் கேட்க வேண்டாம். வரிசை எண் ஒன்றே போதுமானது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்வதால், பள்ளி மாணவர்களிடம் கேட்பதானால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. மக்கள் ஏமாறுகிறார்களா என்று சோதிப்பதற்காகப் போலிக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்கும் ஆசை தொழில்நுட்ப மாணவர்களுக்கு வருவது இயல்பு. அனுமதியில்லாமல் அதைச் செய்யவே கூடாது. நம்பி வந்தவரை ஏமாற்றிவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது.

படி 3: குழுவைப் பழக்குதல்

நான்கு பங்கேற்பாளர்களுக்கு ஒரு மாணவர் என்ற கணக்கில் ஐந்து அல்லது ஆறு பேர் தேவை. அவர்கள் அனைவரும் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: பிறர் கைபேசியை எக்காரணம் கொண்டும் கையில் வாங்கக் கூடாது. "குடும்மா, நானே பண்ணித் தர்றேன்" என்று சொல்லி வாங்கினால் வேலை நொடியில் முடிந்துவிடும். ஆனால் அறிமுகமில்லாதவரிடம் கைபேசியைக் கொடுப்பது தவறில்லை என்ற பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்ததாகிவிடும். பங்கேற்பாளர் பின் எண்ணைத் தட்டும்போது மாணவர் வெளிப்படையாக முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதைக் கல்லூரியிலேயே, வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, ஒருமுறை முழுதாக ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

படி 4: முகாம் நாள்

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். வரவேற்புரை இரண்டு நிமிடம்.

முதல் பயிற்சி யூபிஐ பற்றியது. எல்லோரும் பார்க்கும்படி ஒரு மாணவர் இன்னொருவருக்கு ஒரு ரூபாய் அனுப்பட்டும். அனுப்புகிறவர் மட்டுமே பின் எண்ணைத் தட்டினார், வாங்கியவர் எதையும் தட்டவில்லை, எதையும் ஸ்கேன் செய்யவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, பிறகு பங்கேற்பாளர்களும் தங்களுக்குள் ஒரு ரூபாயை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்தவரிடம் "இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று பேசுகிற ஆளின் தந்திரம் ஏன் பொய் என்பது, கையால் செய்து பார்த்தவருக்கு விளக்கமில்லாமலே புரிந்துவிடும்.

இரண்டாவது பயிற்சி வாட்ஸ்அப். செட்டிங்ஸ் பகுதியில் அக்கவுண்ட் என்பதைத் திறந்து, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆறு இலக்கப் பின் எண் ஒன்றை அமைக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை யாரோ பேசிப் பறித்துவிட்டாலும், இந்தப் பின் எண் தெரியாமல் கணக்கைத் தம் கைபேசிக்கு மாற்றிக்கொள்ள அவரால் இயலாது. மீட்பு மின்னஞ்சல் முகவரி இல்லாமல் இதை மறந்துவிட்டால் ஏழு நாட்கள் காத்திருக்க நேரும் என்பதால், வீட்டிலுள்ள நம்பகமானவரின் முகவரியையாவது சேர்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலேயே, இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலையும் திறந்து, தெரியாத கணினி ஏதும் இருந்தால் நீக்கச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஏபிகே கோப்புகள், அதாவது ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலிகளை நிறுவும் கோப்புகள். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், உதவித்தொகைப் படிவம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் இக்கோப்புகள் நிறுவப்பட்டால், அனுமதி கேட்டுப் பெற்று, வங்கியின் குறுஞ்செய்திகளைப் படித்து வெளியே அனுப்பக்கூடியவை. ஆண்ட்ராய்டு கைபேசியில் வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவும் அனுமதி எந்தெந்தச் செயலிகளுக்குத் தரப்பட்டுள்ளது என்று பார்த்து, எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணை அனைவரும் தம் கைபேசியில் சேமிக்க வேண்டும். சேமிப்பதோடு நிறுத்தாமல், அழைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்: பணம் போன நேரம், தொகை, வங்கியின் பெயர், பரிவர்த்தனையின் 12 இலக்க எண். திருடப்பட்ட பணம் சில நிமிடங்களிலேயே கணக்கு விட்டுக் கணக்கு தாவிச் செல்கிறது. ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்கு முன் தகவல் கிடைத்தால்தான் இடையிலுள்ள வங்கி அதை நிறுத்திவைக்க முடியும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் தெரிவித்தவருக்கு இழப்பு கிடையாது. பின் எண்ணைத் தாமே சொல்லிவிட்டவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பை ஏற்க வேண்டும். தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சேரும். ஆகவே, தவறு செய்துவிட்டோமே என்று கூசி ஒளித்துவைப்பவருக்கே நட்டம் வளர்கிறது.

காணொலி அழைப்பில் அதிகாரி போல் நடித்து, கைது செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றிப் பத்து நிமிட நாடகம் போடலாம். காணொலி அழைப்பில் யாரையும் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை என்பதை 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் எச்சரித்தார் என்று சொல்லுங்கள். நாடகத்தில் போலி அதிகாரியாக நடிக்கும் மாணவர் சற்று மிரட்டலாகவே நடிக்கட்டும். மிரட்டல் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டவர் அடுத்த முறை அழைப்பைத் துண்டிப்பார்.

படி 5: ஏற்கெனவே ஏமாந்தவர்கள்

இவர்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தனி மேசை வேண்டும். அங்கே பொறுமையான ஒரு மாணவரும் ஆசிரியரும் இருக்க வேண்டும். "ஏன் ஓடிபி சொன்னீங்க?" என்ற கேள்வியைக் கேட்கவே கூடாது. மத்திய உள்துறையின் தேசிய சைபர் கிரைம் புகார்த் தளத்தில் அவர்களே புகாரைப் பதிவு செய்ய வழிகாட்டி, புகார் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் என்று வாக்குறுதி தர வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி வருபவர் இரண்டாவது திருடர் என்பதை மட்டும் தவறாமல் சொல்லிவிடுங்கள்.

படி 6: ஒரு மாதம் கழித்து

அதே குழுவிடம் மீண்டும் சென்று அதே கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அறிக்கையின் முதல் வரியாக எழுதுவதில் பயனில்லை. எத்தனை கைபேசிகளில் இரண்டு படிச் சரிபார்ப்பு இன்னும் இயங்குகிறது, எத்தனை பேருக்கு 1930 கேட்டவுடன் நினைவுக்கு வருகிறது என்பவைதான் எழுதத் தக்கவை. எந்தப் பயிற்சி பலிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினால், அது அடுத்த ஆண்டு மாணவர்களுக்குப் பாடத்திட்டமாகவே பயன்படும்.

பங்கேற்பாளர்களுக்கு மாணவர்களின் சொந்த எண்களைத் தராமல், துறை அலுவலகத்தின் எண்ணை மட்டும் தாருங்கள். பிற்பாடு யாராவது "முகாமுக்கு வந்த காலேஜ் பையன் பேசறேன்" என்று அழைத்தால், அந்த ஒரு எண்ணில் கேட்டு உறுதி செய்துகொள்ள அவர்களுக்கு வழி இருக்கும்.