டிவிக்கும் ஓடிடிக்கும் பட உரிமை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட உரிமை விற்பனைக்குப் புதிதாக வருபவர்களின் ஒப்பந்த வரைவுகளில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை: ‘சாட்டிலைட் உரிமை இவருக்கு, டிஜிட்டல் உரிமை அவருக்கு, இரண்டும் பிரத்யேகம்.’ கையெழுத்துக்கு முன் முழுதாகப் படியுங்கள், முன்பணம் கேளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடுவோம்.

சிக்னல் வரும் வழியை வைத்து உரிமையைப் பிரிப்பது

மேலே சொன்ன வரிதான் இது. ஆண்டுக்கணக்கில் எச்சரித்தும் குறையாத எரிச்சல்.

சாட்டிலைட், டிஜிட்டல் இரண்டுமே படம் பார்வையாளரிடம் போய்ச் சேரும் வழிகள், அவ்வளவுதான். இன்று கட்டணச் சேனல் தன் சந்தாதாரருக்கு அதே படத்தை ஆப்பிலும் காட்டுகிறது. அந்த ஆப் ஓடுவது இணையத்தில். ‘சந்தா எங்களுடையது, ஆப் அதன் பகுதி’ என்கிறது சேனல். ‘இணையத்தில் ஓடுவதெல்லாம் எங்களுடையது’ என்கிறது ஓடிடி. ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் இருவர் சொல்வதும் சரி. ஒரே வீட்டை இருவருக்கு வாடகைக்கு விட்ட நிலைதான். இருவருக்கும் உத்தரவாதம் எழுதிக் கொடுத்தவர் விற்றவர் என்பதால், விலைக் குறைப்பு, நிறுத்தி வைத்த கடைசித் தவணை, வழக்குச் செலவு எல்லாம் அவர் தலையில் விடியும்.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. அமெரிக்கக் கட்டணச் சேனலான ஸ்டார்ஸ், ஸ்டூடியோக்களிடம் வாங்கிய படங்களை 2008-ல் நெட்ஃபிளிக்ஸில் ஓடவிட ஒப்பந்தம் போட்டது. 2011 ஜூனில் சோனி படங்கள் திடீரென்று அங்கிருந்து மறைந்தன. இணையம் வழியாகப் பார்க்கும் சந்தாதாரர் எண்ணிக்கைக்கு சோனி–ஸ்டார்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு இருந்தது, நெட்ஃபிளிக்ஸ் வளர்ந்த வேகத்தில் அது தாண்டிப்போனது என்று அப்போது செய்தி வந்தது. அந்த ஒரு வரம்பு வரி விற்றவரான சோனியைக் காப்பாற்றியது. இப்படி ஒரு வரியை எழுதாமல் மறுவிற்பனை அனுமதியைக் கொடுத்துவிடுபவர்கள்தான் பெரும்பாலோர்.

பார்ப்பவர் எப்படிப் பணம் கட்டுகிறார் என்பதை வைத்துப் பிரியுங்கள். சந்தா கட்டி அட்டவணை நேரத்தில் பார்ப்பது பே டிவி. சந்தா கட்டி விரும்பிய நேரத்தில் பார்ப்பது எஸ்விஓடி. படத்துக்குப் படம் கட்டுவது டிவிஓடி. விளம்பரத்தோடு இணையத்தில் இலவசமாகப் பார்ப்பது ஏவிஓடி. இலவசத் தொலைக்காட்சி தனி. ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாள், முடிவு நாள், யாருக்கு எதிராகப் பிரத்யேகம், அதுவரை யார் கையைக் கட்டி வைக்கிறோம் என்கிற ஹோல்ட்பேக் ஆகிய நான்கையும் எழுதுங்கள். பட்டியலில் இல்லாதது எல்லாம் விற்பவரிடமே இருக்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

பிறகு சேனலின் ஆப்புக்கென்று தனிப் பத்தி வேண்டும். ஒளிபரப்பும் அதே நேரத்தில் ஆப்பில் ஓடலாமா? டவுன்லோடு உண்டா? டிவி இணைப்பு இல்லாதவருக்கு அந்த ஆப்பைத் தனியாக விற்கலாமா? ஒளிபரப்பான பிறகு ஆப்பில் பார்க்கவிடும் கேட்ச்-அப் எத்தனை நாள்? பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் 30 நாள் கேட்ச்-அப் கொடுத்து, சேனல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை படத்தைப் போட்டால், படம் ஆப்பைவிட்டு இறங்கவே இறங்காது. பெயர்தான் கேட்ச்-அப், நடப்பது எஸ்விஓடி. 7 நாளோடு நிறுத்துங்கள். மொத்த ஒளிபரப்பு எண்ணிக்கைக்கும், மொத்தக் கேட்ச்-அப் நாட்களுக்கும் உச்சவரம்பு போடுங்கள்.

‘6 மாதம் கழித்து’

எதிலிருந்து 6 மாதம்? எந்த நாட்டு வெளியீட்டிலிருந்து? வெளியீடு தள்ளிப்போனால்? நாட்டையும் நிகழ்வையும் குறிப்பிட்டு, ‘அல்லது இந்தத் தேதி, எது முந்தையதோ அது’ என்று முடியுங்கள். சில நாடுகளில் இடைவெளியைத் தீர்மானிப்பது நீங்களே அல்ல. உதாரணத்துக்கு, பிரான்ஸில் 2022 ஜனவரி உடன்பாட்டின்படி திரையரங்கிலிருந்து கட்டணச் சேனலான கனால் ப்ளஸுக்கு 6 மாதம், நெட்ஃபிளிக்ஸுக்கு 15, உடன்பாட்டில் சேராத ஓடிடிகளுக்கு 17 என்று இருந்தது. இப்படி ஒரு விதி இருப்பது தெரியாமல் ஓடிடிக்கு முன்தேதி கொடுத்தால் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற வழியில்லை.

முழுக் காலத்தையும் ஒருவருக்கே தள்ளிவிடுவது

விலைபோகும் படமென்றால் காலத்தை நறுக்கலாம். யுனிவர்சல் ஸ்டூடியோ, 2022 முதல் வெளியான, அனிமேஷன் அல்லாத படங்களின் 18 மாத உரிமைக் காலத்தை 4, 10, 4 மாதங்கள் என்று வெட்டி, முதலும் கடைசியும் தன் குழுமத்தின் பீகாக் ஓடிடிக்கும் நடுப்பகுதியை அமேசானுக்கும் வைத்தது. சின்னப் படத்துக்கு இது ஒத்துவராது. துண்டு துண்டாக வாங்க ஆள் வரமாட்டார்கள்.

எல்லையை நாட்டின் பெயரோடு விடுவது

செயற்கைக்கோள் சிக்னல் பக்கத்து நாட்டிலும் விழும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டண ஓடிடி சந்தாதாரர் வேறு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனாலும் தன் சேவையைப் பார்க்கலாம். 2018 ஏப்ரல் 1 முதல் இதுதான் சட்டம். இரண்டையும் உரிமை மீறலாகக் கருதக் கூடாது என்று எழுதாவிட்டால், பக்கத்து நாட்டில் வாங்கியவர் உங்களைத்தான் பிடிப்பார்.

‘இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்’

ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

கடைசித் தவணையைப் படம் ஏறும் நாளோடு கட்டுவது

படத்தைத் தளத்தில் ஏற்றும் நாள் வாங்கியவர் கையில் இருக்கிறது. தள்ளிப்போட்டால் பணமும் தள்ளிப்போகும். உரிமைக் காலம் தொடங்கும் நாளோடு கட்டுங்கள். க்யூசி எனப்படும் தரச் சோதனைக்கும் கெடு வையுங்கள்: கோப்புகள் கிடைத்து இத்தனை நாளுக்குள் குறையை எழுத்தில் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். சப்டைட்டில் நேரம் பிசகியது, 5.1 ஒலித்தடத்தில் ஒரு ஸ்பீக்கருக்கான ஒலி ஊமையாக இருக்கிறது, டப்பிங்குக்கான இசை–ஒலித் தடம் வரவில்லை என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் மாதங்கள் ஓடிவிடும். மொத்தக் குறைப் பட்டியலையும் ஒரே தடவையில் தர வேண்டும் என்பதையும் அந்தப் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.