கோச்சியைப் பார்க்கும் குழந்தையோடு பேசுவது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து ரயில் பாதை தெரியும். மகளுக்கு ஒரு வயது நெருங்கியபோது, கோச்சி, அதாவது ரயில், வரும் சத்தம் கேட்டதுமே அந்தப் பக்கம் விரலை நீட்டுவாள். நானோ சமையலில் "ம்ம்" என்று சொல்லிக் கடந்துவிடுவேன். அந்த விரல்தான் பேச்சின் தொடக்கம் என்பது பிறகுதான் புரிந்தது.

1. விரல் போகும் பக்கம் நீங்களும் பாருங்கள். அடுப்பைக் குறைத்துவிட்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குனியுங்கள். பிள்ளை தான் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைத்தான் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அது கோச்சியைப் பார்க்கும்போது பொம்மையைக் காட்டி "இது என்ன, சொல்லு" என்று கேட்காதீர்கள்.

2. பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். கஷ்டமான படி இதுதான், நமக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு பின்னேரம் அப்படிக் காத்திருந்தேன். மகள் என் வாயையே பார்த்தாள், காலை உதறினாள், அப்புறம் "ச்சி" என்றாள். "ஓம், கோச்சி போகுது" என்றேன். திருத்தவில்லை. சரியான சொல் திரும்பக் காதில் விழுந்தால் போதும். ழகரம், ளகரம் எல்லாம் வர இன்னும் சில வருடம் எடுக்கும்.

3. ஒரு சொல் கூட்டுங்கள். "கோச்சி" என்றால் "பெரிய கோச்சி". இரண்டு வயதளவில் பிள்ளை தானே இரண்டு சொல்லைச் சேர்க்கும்.

4. மொழி கலந்தால் பயப்படாதீர்கள். பக்கத்து வீட்டில் சிங்களம், பாலர் பாடசாலையில் ஆங்கிலம். மகள் "வத்துர தாங்கோ" என்றதும், "பிள்ளை குழம்புது" என்று அம்மம்மா கவலைப்பட்டார். குழப்பமே இல்லை. தண்ணீருக்குச் சிங்களச் சொல்லை எடுத்து, தமிழ் வினையோடு அழகாகப் பொருத்தியிருக்கிறாள். பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயங்காமல் நிறையக் கதைக்க நமக்கு வருவது அதில்தான்.

5. போனைத் தள்ளி வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. திரை, பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருக்காது.

6. 12 மாதத்தில் மழலையோ கைகாட்டலோ இல்லை, இரண்டு வயதிலும் இரு சொல் சேரவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால், "ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாய்த்தான் கதைப்பான்" என்று தள்ளிப்போடாதீர்கள். கிளினிக்கில் குடும்பநல மாதுவிடமோ டாக்டரிடமோ சொல்லி, முதலில் காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள். காதுக்குள் நீர் கோத்திருந்தால்கூடப் பேச்சு பிந்தலாம்.